கம்பத்தடிப் புல்

கோல் வாசலில் புல் தேய்ந்து போனதால், மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தைகளைப் பதித்து இன்றோடு மூன்று வாரம். நாளை இறுதிப் போட்டி. வேர் பிடித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மேற்பார்வையாளர் என்னிடம் விட்டிருந்தார். மைதானப் பராமரிப்பு மாலை வகுப்பில் நான் படிப்பதுதான் காரணம்.

பத்தையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வரக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். ஒப்பிட வசதியாக இருக்கட்டுமென்று, வலது கம்பத்தடியில் இருந்த ஒரு பத்தையை மட்டும் தினமும் இழுத்துப் பார்த்துக் குறித்து வந்தேன். இன்றும் அது கையோடு வந்துவிட்டது. போட்டியை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் என் அக்கா. "சொந்த மைதானத்துல ஃபைனல் ஆட மூணு வருஷமா காத்திருக்கேன். அதுல மண்ணை அள்ளிப் போடுறியே!" என்றவள், குனிந்து பக்கத்துப் பத்தையை இழுத்தாள். அசையவில்லை. மற்ற எல்லாவற்றையும் இழுத்தாள். ஒன்றுகூட வரவில்லை.

"தினமும் எதைடா இழுத்தே?"

காட்டினேன்.

"விதை போட்டவன் தினமும் தோண்டிப் பாத்த கதையா இருக்கு. நீ விட்டாத்தானே அது வேர் விடும்?"

மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போட்டி இங்கதான்" என்றார்.

வேர் பிடிக்கும்வரை தன் எடையிலேயே அசையாமல் இருக்கும்படி, மைதான ஓரத்திலிருந்து கனமான பத்தை ஒன்றை வெட்டிவந்து கம்பத்தடியில் பொருத்தி மிதித்தோம். நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.