நைட்டிக்கு ஒரு துண்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீராவியில் பகலெல்லாம் வெந்து, கழுத்துவரை பொத்தானிட்ட சீருடைக்குள் புழுங்கி வீடு திரும்பியவளுக்கு, உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: துவைத்துத் துவைத்து மென்மையேறிய, பூக்களெல்லாம் வெளுத்துப்போன அந்தப் பருத்தி நைட்டி. அதைக் கொடியிலிருந்து உருவக் கை நீட்டினாள். மகன் குறுக்கே வந்து நின்றான்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் அது வேண்டாம்மா. பொண்ணு வீட்டுல வீடியோவுல பேசணும்னாங்க. பட்டுப்புடவை கட்டிக்க."

"என் வீட்டுல நான் உட்கார்றதுக்கு எதுக்குடா பட்டு?"

"பெரிய இடம்மா. நைட்டியோட பார்த்தா என்ன நினைப்பாங்க?"

இதைச் சொன்ன வங்கி அதிகாரியான மகன், இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரைக்கால் டவுசருமாக நின்றிருந்தான். 'பாதி மாப்பிள்ளை' என்று மனத்துக்குள் பெயர் வைத்தாள். அவன் முழங்காலுக்கு வாய்த்த உரிமை அவள் உடம்புக்கு வாய்க்கவில்லை! ஆயினும், கல்யாணம் கெட்டால் பழி யார் தலையில் விழும் என்பதை அறிந்தவளாதலால், பல்லைக் கடித்துக்கொண்டு பட்டைச் சுற்றினாள். மின்விசிறியையும் அவன் நிறுத்திவிட்டான், இரைச்சல் கேட்குமாம்.

கைபேசித் திரையில் பெண்ணின் தாய் தோன்றினார். வருங்காலச் சம்பந்தியம்மா சோபாவில் காலை மடக்கிச் சாய்ந்திருந்தார். தோளிலிருந்து கணுக்கால்வரை தொளதொளவென்று பூப்போட்ட ஓர் அங்கி. நைட்டியேதான்! வேறென்ன? விலை ஒன்றுதான் வேற்றுமை.

"ஐயோ சம்பந்தி, வீட்டுலயும் பட்டா? எங்களுக்காகவா கட்டுனீங்க? நாங்கல்லாம் வீட்டுல இப்படித்தான், ஃப்ரீயா!" என்று சிரித்தார்.

கள்ளமில்லாத சிரிப்புதான். ஆனாலும் பட்டின் உள்ளே முதுகில் வழிந்த வியர்வை அவளுக்குச் சுட்டது.

பேச்சு முடிந்ததும் மகன் உருகினான். "எவ்வளவு பெரிய மனுஷி! எவ்வளவு எளிமையா இருக்காங்க பாரு. நீயும் சாதாரணமா ஏதாவது கட்டியிருக்கலாம்மா."

அவள் தன் பட்டைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். சோபாவில் சாய்ந்தால் எளிமை, இந்த வீட்டுக் கொடியில் தொங்கினால் கேவலமா? உடம்புக்குக் காற்று வேண்டும் என்பதைக்கூட ஆள் பார்த்துத்தான் அனுமதிப்பார்களா? கட்ட மறுத்ததும் குற்றம், கட்டியதும் குற்றம்!

"நீ சொல்லித்தானேடா கட்டுனேன்!" என்று எழுந்தாள். உள்ளே போனாள். பட்டை அவிழ்த்தெறிந்தாள். நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

கைபேசி மறுபடி அலறியது. அதே சம்பந்தியம்மா. மகன் பதறிப்போய் ஒரு துண்டை அவள் தோள்மீது வீசினான்.

"இதையாவது போர்த்திக்கம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவள் அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், சுருட்டி அவன் கையிலேயே திணித்தாள்.

"உன் முழங்கால்ல போர்த்திக்க. எடுடா போனை."