ஓர் இடத்துக்கு ஓர் ஆள்

மகளோடு படித்தவர்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அண்ணாதுரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு ஆள் வருவதே அவருக்குப் பிடிக்காது. அதிலும் படித்த ஆட்கள் வெறும் வயிற்றோடு மட்டும் வரமாட்டார்கள், எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டுதான் போவார்கள் என்பது அவர் கட்சி. அவர் படித்தது நாலாவது. அதற்கு மேல் படித்த யாரையும் அவர் நம்பியதில்லை, பெற்ற பெண்ணைத் தவிர.

"பட்டந்தான் வாங்கியாச்சே, அத்தோட வுட வேண்டியதுதான. சோறு வேற போடணுமா?"

"நாலு வருசம் அவங்க இல்லன்னா நான் இல்லப்பா. ஒரு வேள சோறு, அவ்ளோதான்" என்றாள் தென்றல்.

"அப்டி இன்னா பண்ணிட்டாங்க?"

அதற்கு அவள் பதில் சொல்லாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அந்தப் பதில் சொல்லாததுதான் அவரை அரித்தது.

தென்றலுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. இது தெரிந்தவர்கள் அவரும் மனைவி மரகதமும் செங்கல்பட்டு டாக்டரும்தான். சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. நிலம் விற்ற காசில் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஆறு ரூமில் ஒரு ரூமுக்கும் தெரியாது. விடுதியில் தங்கிப் படித்த நாலு வருஷத்தில் அங்கே ஒரு தடவைகூட வரவில்லை என்று தென்றல் சொல்லியிருந்தாள். லீவில் வீட்டுக்கு வந்தபோது இரண்டு தடவை வந்தது. கதவைச் சாத்திவிட்டு, இடுப்புக் கயிற்றில் தொங்கும் சாவிக்கொத்தை அவள் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலிப்புக்கு இரும்பு. அவருடைய அப்பனும் அதைத்தான் செய்தார், ஊரும் அதைத்தான் செய்தது.

நாளைக் காலை அவள் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். மெஷின்கள் ஓடுகிற கூடத்திலேயே ஒரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற வேலை. அப்புறம் கல்யாணம். விஷயம் வெளியே போனால் இரண்டிலும் மண். வருகிற மூன்று பேரில் கவிப்பிரியா என்ற பெண்ணுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஆள் எடுக்கிற ஆபீசிலேயே வேலையாம். இவள் ஒரு போன் போட்டு ஒரகடத்துக்குச் சொன்னால் போதாதா?

பன்னிரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் கடிகாரம் கட்டிய ஒல்லிப் பெண் கவிப்பிரியா. வாலாஜாபாத் பெண் மஞ்சுளா, வந்ததும் வராததுமாக மரகதத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது திருநெல்வேலிப் பையன் நம்பிராஜன். அண்ணாதுரை நாற்காலியை வாசல் ஓரம் போட்டு, மூன்று பேரையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டார்.

பாத்ரூமுக்குப் போய் வந்த மஞ்சுளா நேரே அவரிடம் வந்தாள். "அங்கிள், உள்தாழ்ப்பா ரொம்ப டைட்டா கீதே. போட்டுக்கினா வெளியிலேர்ந்து தொறக்க வழி கீதா?"

"உனக்கு இன்னாத்துக்கு அது? திருட வர்றியா?"

"உங்க வூட்ல திருட இன்னா கீது அங்கிள், பிரியாணி அண்டாவ தவிர?"

மரகதம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி எவள் கேட்பாள்?

பாய் விரித்து இலை போட்டார்கள். தென்றல் இரும்புக் கட்டிலின் ஓரம் உட்காரப் போனாள். நம்பிராஜன் அவள் இலையை எடுத்துத் தள்ளி நடுவில் போட்டான். "இங்கன உக்காரு, காத்து வரும்." கட்டில் பக்கந்தான் ஃபேன் இருந்தது. கண்ணாடித் தம்ளரை எடுத்துவிட்டு எவர்சில்வர் தம்ளரை வைத்தான். அண்ணாதுரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று, இவன் பெண்ணின் மேல் கண் வைத்திருக்கிறான். இல்லையென்றால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டில் எது மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

சன்னலுக்கு வெளியே குழாயடியில் நாலாம் நம்பர் ரூம் முத்துச்செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். தென்றல் சேரப்போகும் அதே தொழிற்சாலையில் மெஷின் லைனில் வேலை. மோட்டார் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று அவர் தினமும் வைகிற வசவை வாங்கிக்கொண்டு மூன்று மாதமாக இருக்கிறாள். சன்னலைச் சாத்தலாமா என்று அவர் யோசித்தபோதுதான் தென்றலின் இடது கைவிரல்கள் இலை ஓரத்தைக் கிள்ள ஆரம்பித்தன. கண் ஓர் இடத்தில் நின்றது.

அவருக்குத் தெரியும். இன்னும் மூச்சு விடுகிற நேரந்தான்.

"எழுந்திரிங்க! சாப்ட்டது போதும்! எல்லாம் வெளிய போங்க!"

எழுந்த வேகத்தில் சொம்பு உருண்டு தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. தென்றல் சாய்ந்தாள். அவர் போய்ச் சன்னலை அறைந்து சாத்தினார். சாத்துகிற அந்த நொடியில் முத்துச்செல்வியின் கண் நேராக உள்ளே பார்த்தது. போச்சு. மூன்று பேரோடு நாலாவது.

திரும்பினால், ஒருவரும் வெளியே போகவில்லை. நம்பிராஜன் இலைகளை ஒதுக்கிவிட்டுத் தென்றலை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தான். மஞ்சுளா தன் துப்பட்டாவை மடித்து அவள் தலைக்குக் கீழே கொடுத்திருந்தாள். கவிப்பிரியா கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணு பதினேழு" என்றாள். அவள் குரல் பஸ் வருகிற நேரத்தைச் சொல்கிறவள் குரல் போல இருந்தது.

அவர் மண்டி போட்டு, சாவிக்கொத்தைத் தென்றலின் கைக்குள் திணித்தார். நம்பிராஜன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையில ஒண்ணும் வேண்டாம்யா."

"வுட்றா! இரும்பு வெக்கணும்!"

"இந்தா பாருங்க." தென்றலின் உள்ளங்கையை மெல்லத் திருப்பிக் காட்டினான். பிறைபோல ஒரு பழைய வடு. "முத வருசம் நாங்க கேட்டோம். அப்பா வச்ச சாவின்னு சொன்னா. வலிப்பு வாரப்ப கையி தானா இறுகுமில்லா, அப்ப கிழிச்சிருது. ஒண்ணும் செய்யாண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும்."

பக்கத்தில் இருந்தார். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மகளுக்காகக் கொஞ்சம், இந்த மூன்று வாய்களுக்காக மிச்சம். கவிப்பிரியா நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். மரகதம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

ஆட்டம் நின்று தென்றல் மெல்லக் கண் திறந்தாள். மஞ்சுளா அவள் காதருகே குனிந்தாள். "தென்றலு, வூட்லதான் கீற. ஞாயித்துக்கிழம. பிரியாணி இன்னும் மிச்சம் கீது, பயப்படாத."

அந்த மயக்கத்திலும் தென்றல் உதட்டை இழுத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அண்ணாதுரை பார்த்ததில்லை. வலிப்பு தெளிந்தால் அவள் வீட்டில் அழுவாள், அவ்வளவுதான்.

நம்பிராஜனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழாயடியில் வாளி மட்டும் இருந்தது. முத்துச்செல்வியைக் காணோம்.

"எத்தினி வாட்டி வந்திச்சி அங்க?"

"நாலு வருசத்துல பதினோரு தடவ."

அவர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யார் யாருக்குத் தெரியும்?"

"நாங்க மூணு பேருதான். உங்களுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவீங்கன்னு சொன்னா. நிறுத்திருப்பீங்களா?"

நிறுத்தியிருப்பார். அதை எப்படிச் சொல்வது? "உனக்கு இன்னா வேணும்?" என்றார். "சொல்லு. எதுக்குடா இத்தினி நாளு வாய மூடிக்கினு இருந்தீங்க? சும்மா எவன் இருப்பான்?"

"எனக்குச் சோறுதான்யா வேணும். பாதி எலையில எழுப்பி விட்டுட்டியளே."

அண்ணாதுரை திரும்பி, உள்ளே ஒதுக்கிக் கிடந்த இலைகளைப் பார்த்தார்.

"ஒரு எடத்துக்கு ஒரு ஆளுன்னு வச்சுக்கிட்டோம்" என்றான் நம்பிராஜன். "வகுப்புல நானு. விடுதியில மஞ்சுளா. பஸ்ஸுல கவிப்பிரியா. எல்லாருக்கும் தெரியாண்டாம், ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதும். கீழ விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்க, நேரம் பாக்க. வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. அஞ்சு நிமிசம் தாண்டுனா நூத்தியெட்டுக்கு அடிக்கணும். அவ்வளவுதான் வேல."

"நாளைக்கி?"

"நா ஓசூர் போறேன். மஞ்சுளா கோயமுத்தூரு. கவிப்பிரியாவுக்கு வேற கம்பெனி." அவன் குரல் இறங்கியது. "அதச் சொல்லத்தான்யா வந்தோம். நாளைக்கு அந்த எடத்துல ஆளு இல்ல. எங்களுக்கே ஒறக்கம் வரல. நீங்கதான் ஒரு ஆளப் பாக்கணும்."

இதுவரை இருந்தது ஒரு பயம். இது வேறு. வெளியே தெரிந்துவிடுமே என்று பதின்மூன்று வருஷம் நடுங்கியவருக்கு, அங்கே ஒருவருக்கும் தெரியாதே என்று இப்போது நடுக்கம் வந்தது. மெஷின்கள் ஓடுகிற இடம். சிமெண்டுத் தரை. பெண் விழுந்தால் எவனாவது இரும்பைத் தேடி ஓடுவான். தேடினால் அங்கே எத்தனை இரும்பு!

உள்ளே போனார். புதிதாக இலை போட்டு மூன்று பேரையும் உட்கார வைத்து, தன் கையாலேயே கறியைத் தேடித் தேடி வைத்தார். போதும் போதும் என்று கவிப்பிரியா கை மறித்தாள். மறித்த கையின் மேலேயே ஒரு துண்டு விழுந்தது. பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனார். தாழ்ப்பாள் கழன்று கீழே விழுகிற சத்தம் சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்டது. போகும்போது நம்பிராஜன் அவருடைய பட்டன் போனில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தென்றல் புது சுடிதாரில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "யாருக்கிட்டயாவது நீயே சொல்றியா?" என்று கேட்டார்.

"நான் யாருக்கும் சொன்னதில்லப்பா. அவங்க முன்னாடி வுழுந்தேன், அவங்க பாத்துக்கினாங்க. எனக்கு வாய் வராது."

"நான் சொல்லட்டா?"

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "சொல்லு" என்றாள்.

கம்பெனி பஸ் நிற்கும் டீக்கடையருகே முத்துச்செல்வி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் செத்தது. தென்றலைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கிட்டே போனார்.

"ஏ பொண்ணு. நேத்து சன்னல்ல இன்னா பாத்த?"

"ஒண்ணும் பாக்கல தாத்தா. சத்தியமா ஒருத்தருகிட்டயும் சொல்லல. ரூம காலி பண்ணச் சொல்லிராதிய."

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. இந்தப் பெண்ணை அவருக்கு என்ன தெரியும்? துணி துவைக்கத் தெரியும், தண்ணீரைக் கொட்டத் தெரியும். இவள் லைனில் போய் ஒருத்தியிடம் சொன்னால், சாயங்காலத்துக்குள் ஒரகடம் முழுக்கத் தெரியும். நேற்று கட்டிலருகே கிடந்த இலையை அந்தப் பையன் நகர்த்திப் போட்டது ஞாபகம் வந்தது.

"எம் பொண்ணுக்கு வலிப்பு கீது" என்றார்.

வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு, அடி விழப்போகிறவன்போல் நின்றார்.

முத்துச்செல்வி தள்ளி நின்ற தென்றலைப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது.

"வந்துச்சுன்னா எத்தன நிமிசம் பாக்கணும் தாத்தா?"

"அஞ்சு. தாண்டுனா நூத்தியெட்டு."

"எங்கூருல கையில சாவி குடுப்பாவ. குடுக்கணுமா?"

"ஒண்ணும் குடுக்காத" என்றார். "ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு, பக்கத்துல குந்தினு இரு. அவ்ளோதான் வேல."

அவள் தென்றலின் கையைப் பிடித்து முதலில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறினாள். பஸ் போய்விட்டது. அண்ணாதுரை வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் போனை அமுக்கினார்.

"ஆள் கெடச்சிச்சி" என்றார். "சங்கரன்கோயில் பொண்ணு. உங்க ஊருதான்."

"அது எங்கூரு இல்லய்யா, அது தென்காசிப் பக்கம்லா" என்றான் நம்பிராஜன்.

"எல்லாம் ஒண்ணுதான், போ."

டீக்கடைக்காரன் நீட்டிய தம்ளரை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லய்யா."

"சாப்டு மொதல்ல. அந்தப் பொண்ணுங்களயும் சாப்டச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, டீக்கடைக்காரனிடம் மணி கேட்டார். ஆறு இருபத்தைந்து. சாயங்காலம் பஸ் இதே இடத்துக்குத் திரும்பி வர இன்னும் பத்து மணி நேரம் ஆகும். பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.