வாசலுக்குக் கேட்காத வரவேற்புரை

பன்னீர்ச் செம்பை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பதும் அவளைக் கட்டிப்போடுவதும் ஒன்றுதான். கீழே வைத்தால் மரியாதை இல்லை, தூக்கிக்கொண்டு உள்ளே போனால் வேலை கெட்டது. எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக ஆண்டு விழாவில் அந்தச் செம்போடு கேட்டில் நின்றவள் நான். பக்கத்தில் சந்தனக் கும்பாவோடு என் வகுப்புத் தோழி பழனாத்தாள். இருவரும் சங்கத்தின் கமிட்டி உறுப்பினர்கள் என்று அழைப்பிதழில் மட்டும் தவறாமல் போடுவார்கள்.

கேட்டுக்கும் விழா நடக்கும் ஹாலுக்கும் நடுவில் பெரிய மைதானம். உள்ளே மைக்கில் பேசுவது எங்களுக்குக் கரகரவென்று மட்டும் கேட்கும். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு விழாவுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். கடைசி ஆளுக்குப் பன்னீர் தெளித்து முடிக்கும்போது உள்ளே பந்தி போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறொன்று. சங்கத் தலைவர் ஆறுச்சாமி அண்ணன் வரவேற்புரை என்று முக்கால் மணி நேரம் பேசுவார். அதன் கடைசியில் நன்றி சொல்லும்போது முதல் பெயராக என் பெயரைச் சொல்வாராம். "வாசலில் புன்னகையோடு நின்று பன்னீர் தெளித்து வரவேற்கும் அன்புச் சகோதரி இஸ்மத்" என்றதும் ஹாலே கை தட்டுமாம். சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னவர்கள் எல்லோரும் கேட்டவர்கள். கேட்காதவள் நான் ஒருத்திதான்.

மைக்கில் என் பெயரை ஒரே ஒரு தடவை என் காதால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஆசை. உக்கடத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ரசாக்கிடம் சொன்னேன். அவர் தண்ணீர்ச் சொம்பை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அன்புச் சகோதரி இஸ்மத்" என்று முழங்கினார். கட்டிய மனைவியைச் சகோதரி என்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? அன்று ராத்திரி ரசத்தில் உப்புப் போடவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருடம் அல்லா கண் திறந்தான், எலிகளின் மூலமாக. எங்கள் விழாவுக்கு எப்போதும் "அன்றும் இன்றும்" என்பதுதான் தலைப்பு. தெர்மோகோலில் வெட்டிய அந்த எழுத்துகளை ஒரு கோணிப்பையில் போட்டு வைத்து வருடாவருடம் மேடையில் ஒட்டுவார்கள். மாறுதல் வேண்டும் என்று யாரோ கேட்ட வருடம் மட்டும் "இன்றும் அன்றும்" என்று மாற்றி ஒட்டினார்கள். அந்தப் பையை இந்த வருடம் எலி தின்றுவிட்டது. புதுத் தலைப்பு ஒன்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கமிட்டி நாலு பேர்தான். ஆறுச்சாமி அண்ணன், செயலாளர் கோவிந்தராஜுலு, பழனாத்தாள், நான். முதல் கூட்டம் கணபதியில் ஆறுச்சாமி அண்ணனின் மோட்டார் பம்பு கம்பெனியில் நடந்தது. டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, தண்ணின்னு ஒரு தலைப்பு வெச்சா எப்படிங்க? மேடையில நம்ம பம்பு ஒண்ணை ஓட உட்டுப்போட்டா, தண்ணி அப்படியே முன் வரிசை வரைக்கும் அடிக்குமுங்க."

"நெம்ப அருமைங்க" என்றார் கோவிந்தராஜுலு. முன் வரிசையில் உட்காரப் போகிறவரே அவர்தான். பழனாத்தாளும் தலையாட்டினாள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வாரம் ஆர்.எஸ்.புரத்தில் கோவிந்தராஜுலு வீட்டில் கூடினோம். அவருக்கு நூல் மில் உண்டு. நெய் ஒழுகும் போளி வந்தது. நாங்கள் இரண்டாவது போளியில் இருக்கும்போது, தலைப்பைக் காஷ்மீர் என்று வைக்கலாமா என்று கேட்டார். மில்லில் கழிவுப் பஞ்சு மலையாகக் குவிந்திருக்கிறதாம். அதை ஹால் முழுக்கப் பனி மாதிரி கொட்டிவிடலாமாம்.

"சித்திரை வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்குமுங்க" என்றார் ஆறுச்சாமி அண்ணன்.

"பஞ்சு மூக்குல போனா?" என்று நான் கேட்டேன்.

"தும்மிக்கலாமுங்க அம்மணி" என்றார் அவர். தண்ணீர் போய்க் காஷ்மீர் வந்தது.

மூன்றாவது கூட்டம் அன்னூர்ப் பக்கம் பழனாத்தாளின் தோட்டத்தில். இளநீர், சந்தகை, தேங்காய்ப்பால். அவள் தன் காங்கேயம் காளையைக் காட்டி, மேடையில் இவனைக் கட்டினால் போதும், வேறு தலைப்பே வேண்டாம் என்றாள். மாட்டைக் கண்டாலே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் கோவிந்தராஜுலு, காருக்குள் இருந்தபடியே, "மேடைக்கே ஒரு கம்பீரமுங்க" என்று ஒப்புதல் கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. இவர்கள் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யவில்லை, இலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சாப்பிட்ட வீட்டில் மாட்டேன் என்று சொல்கிற நாக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அப்படியானால் அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக எந்த வீட்டில் சாப்பிடுகிறார்களோ, அந்த வீட்டுத் தலைப்புதான்.

"நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கோணும். இன்னைக்கு ராத்திரி எங்கூட்டுக்கு வாங்க" என்று மூன்று பேருக்கும் போன் போட்டேன். கோட்டைமேட்டுக்கே வாசம் போகிற மாதிரி பிரியாணி செய்தேன். கோவிந்தராஜுலுவுக்கு மட்டும் தனி அடுப்பில் தக்காளி சாதம். மூன்று பேரும் இடுப்பைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்த நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"தலைப்பு 'பள்ளிக்கூட நாள்'னு வெச்சுப்போடலாமுங்களா? எல்லாரும் மறுபடியும் மாணவருங்க. ஆம்பளைங்க காக்கி டவுசரு, வெள்ளைச் சட்டை. பொம்பளைங்க நீலப் புடவை, ரெட்டைச் சடை. பெல் அடிச்சு முதல் பீரியடு உங்க வரவேற்புரைங்ண்ணா. லேட்டா வந்தா முதல் பீரியடு பூராவும் கேட்டுக்கு வெளிய நிக்கோணும். யூனிபார்ம் இல்லாதவங்களும் வெளியதான். பள்ளிக்கூடப் பசங்களுக்கு யாரும் பன்னீர் தெளிக்கறதில்லீங்களே, அதனால பன்னீரு, சந்தனம் ரெண்டும் கிடையாது."

ஆறுச்சாமி அண்ணன் தம்முடைய தொந்தியைக் குனிந்து பார்த்தார். காக்கி டவுசரை நினைத்திருப்பார். ஆனால் வாயில் இன்னும் ஏலக்காய் மணம் இருந்தது.

"செஞ்சுபோடலாமுங்க அம்மணி" என்றார்.

அப்புறம் இரண்டு வாரம் என் வீட்டுக்காரர் காக்கித் துணிக்குள்ளேயே குடியிருந்தார். நாற்பது, ஐம்பது வயது மில் முதலாளிகளும் வக்கீல்களும் டாக்டர்களும் அவர் கடை வாசலில் வரிசையில் நின்று தொடை அளவு கொடுத்தார்கள். "இஸ்மத்து, ஊருல இத்தனை தொடை இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார் ராத்திரி காலை நீட்டிக்கொண்டே.

விழா நாள் வந்தது. இத்தனை வருடமும் விடியும்போதே எழுந்து ஓடியவள், அன்று விருந்தாளி மாதிரி நிதானமாக எழுந்தேன். நீலப் புடவை கட்டி, இரட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினேன். அதன்மேல் முக்காடு போட்டேன். ரிப்பன் யாருக்கும் தெரியாதே என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தெரியும் என்றேன்.

கிளம்புகிற நேரத்தில் ஆறுச்சாமி அண்ணன் டிரைவர் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். உள்ளே அண்ணனின் டவுசர். உட்கார்ந்தால் பட்டன் தெறிக்கிறதாம், நின்றால் மூச்சு முட்டுகிறதாம். ஒரு சாண் துணி சேர்த்துத் தைத்து விழாவுக்கே கொண்டுவந்துவிடச் சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மிஷினில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கும் மிஷினுக்கும் நடந்தேன். டவுசரைப் பிரிக்கப் பிரிக்க நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கடைசியில் வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் தலைவரின் டவுசரோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு உள்ளே கையில் பிரம்போடு பழனாத்தாள். சந்தனக் கும்பா வேலை போனதால் அவளை வாசலுக்கு லீடராகப் போட்டிருந்தார்கள்.

"பழனா, கதவைத் தொறடி."

"லேட்டுங்க" என்றாள். முப்பது வருடமாக என்னை வாடி போடி என்கிறவள், பதவி வந்ததும் ங்க போட்டாள்.

"அடியே, ரூலு போட்டதே நான்."

"அதனாலதானுங்க உடமாட்டேங்கறேன். எங்கூட்டுக்காரரையே உடலை, அங்க பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அவள் புருஷன் பாலுசாமி கை கட்டி நின்றார். அவருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றது ஆறுச்சாமி அண்ணன். மனுஷர் எல்லோருக்கும் முதலில் வந்தவர்தான். ஆனால் டவுசர் என் மடியில் அல்லவா இருந்தது? யூனிபார்ம் இல்லை என்று சங்கத் தலைவரையே வெளியே நிறுத்திவிட்டாள் மகராசி.

"உங்க பேச்சுங்ண்ணா?" என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோயிந்தராஜுலு படிக்கறாருங்க. காயிதத்தைக் கேட்டுக் கம்பிச் சந்துல உள்ள குடுத்துட்டேன்." டவுசர்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கேட்டை ஒட்டி வெளியே இருந்த வாட்ச்மேன் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது முழங்காலுக்கு மேலே பளபளவென்று இருந்தார். பழனாத்தாள் பிரம்பைக் கேட்டில் தட்டி, யூனிபார்ம் சரி, ஆனால் இப்போது லேட் என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே மைக் கரகரத்தது. எனக்குப் பழகிய அதே கரகரப்பு. பன்னிரண்டு வருடம் நின்ற அதே கேட்டில், இந்த முறை செம்புகூட இல்லாமல் நின்றேன். பிரியாணிக்குப் போட்ட நெய்யை நினைத்தால் வயிறு எரிந்தது.

இதற்குள் கல்யாண வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வெற்றிலை வாயும் காக்கி டவுசருமாகக் காரைவிட்டு இறங்கினார்கள், மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். ஆறுச்சாமி அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு தேடி வந்தவர்களைச் சும்மா நிறுத்துவது அவர் பரம்பரையிலேயே இல்லாத காரியம். வாட்ச்மேன் அறைக்குள் மறுபடியும் போனார். திரும்பி வரும்போது கையில் என் பன்னீர்ச் செம்பு.

"அண்ணா, பன்னீரு கூடாதுன்னு ரூலுங்க" என்றாள் பழனாத்தாள்.

"அது உள்ளதானுங்க. நாங்க வெளியல்ல நிக்கறம்" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தெளிக்க ஆரம்பித்தார். "வாங்க, வாங்க. லேட்டுங்களா? நானும் லேட்டுதானுங்க. இப்படி நில்லுங்க."

ஒரு சுற்று முடிந்ததும் என் பக்கம் வந்தார். ஹால் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உள்ள என்ன பேசறாங்கன்னு ஒண்ணுமே கேக்கலீங்களே."

"கேக்காதுங்ண்ணா. எனக்கும் இத்தனை வருசமாக் கேக்கலீங்க."

அவர் செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப உங்க பேரை நான் சொல்றது?"

"மத்தவங்க சொல்லித்தானுங்க தெரியும்."

அவர் செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு நேராகக் கேட்டுக்குப் போனார். "பழனாத்தா, இஸ்மத்து அம்மணி நிக்கற தண்டனையையும் சேத்தி நானே நின்னுக்கறனுங்க. அவங்களை உள்ள உட்டுப்போடுங்க."

பழனாத்தாள் பிரம்பால் முதுகைச் சொறிந்தபடி யோசித்தாள். "யாரு நின்னா என்னுங்க, ஒரு ஆள் தண்டனை கழிஞ்சாச் சரிதானுங்க" என்று கதவைத் திறந்தாள். உள்ளே நுழையும்போது என் கையை ஒரு கிள்ளு கிள்ளி, "ஓடுடி, முடிக்கப் போறாங்க" என்றாள்.

மைதானத்தைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முக்காடு நழுவி இரண்டு ரிப்பனும் வெளியே வந்தன. ஹாலில் சரியான நேரத்துக்கு வந்த பத்திருபது பேர் மட்டும் அங்கங்கே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோவிந்தராஜுலு கடைசித் தாளைத் திருப்பினார்.

"நிறைவாக, நன்றி. வாசலில் புன்னகையோடு நின்று பன்னீர் தெளித்து வரவேற்கும் அன்புச் சகோ..." என்று படித்தவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். அவர் மில் கணக்கில்கூட ஒரு நயா பைசா பிசகு விடாத மனிதர்.

"அன்புச் சகோதரர் ஆறுச்சாமி அவர்களுக்கு நன்றி" என்று திருத்திப் படித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கையே பிடுங்கியிருப்பேன். எழுந்தும்விட்டேன். அப்போது ஜன்னலில் தெரிந்தார் அவர். காக்கி டவுசரில், செம்பும் கையுமாக, யாரோ ஒருவருக்குக் குனிந்து தெளித்துக்கொண்டு, நடுநடுவே ஹால் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு.

நின்ற வாக்கிலேயே கை தட்டினேன். தூங்கியவர்கள் எழுந்து திருதிருவென்று விழித்து, அவர்களும் தட்டினார்கள். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். வாசலுக்குக் கேட்டிருக்காது. எனக்குத் தெரியாதா?