ஜோகிராஜு அனுப்பிய பெட்டி

எங்கள் கோதாவரிப் பக்கத்து ஆட்கள் கேலி பேசும்போது சிரிக்க மாட்டார்கள். முகத்தை எமன் மாதிரி வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, மரியாதையாக ஆளைக் கவிழ்ப்பார்கள். ராசோலில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பழகிய சங்கதி. கடப்பா பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஓபுளம்மாவுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கேஸ் ஏஜென்சியில் நான் பில் போடுகிறேன். போன் எடுத்து புக்கிங் எழுத ஒரு பெண் வேண்டும் என்று முதலாளி தேடியபோது வந்து சேர்ந்தவள் அவள். புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். அதிகம் பேச மாட்டாள். கல்யாண ஊர்வலம் போய்த் தெருவில் வெடி வெடித்தால் மட்டும் எழுந்து பின்னறைக்குப் போய் நின்றுகொள்வாள். சத்தம் பிடிக்காத பெண் போல என்று நினைத்து நானும் கேட்டதில்லை.

அந்த ஆவணியில் கோதாவரி கரைபுரண்டு ஓடியது. ஆற்று நடுவே தீவாகக் கிடக்கும் லங்கா ஊர்களுக்குப் போகும் தரைப்பாலம் முங்கிவிட்டது. சிலிண்டர் வண்டி எங்கும் போக முடியவில்லை. லோடு லாரியும் வழியில் நின்றுவிட, முதலாளி அதன் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை நான் வங்கிக்குப் போயிருந்த நேரம் போன் வந்திருக்கிறது.

"அம்மா, பெத்தலங்காலேருந்து ஜோகிராஜு பேசறேங்க. நாளைக்குக் காலையில பேத்திக்கு நிச்சயதார்த்தம். சிலிண்டர் காலி. சமையக்காரன் அடுப்பு மேல ஏறி உக்காந்து ஆத்தை வேடிக்கை பாக்கறான்."

"வெள்ளம் சார். வண்டி வராது."

"வராதுங்களா? ரொம்ப சந்தோஷம். அப்ப ஒண்ணு பண்றேங்க. சாயங்காலத்துக்குள்ள சிலிண்டர் வரலைன்னா, ஒரு பாம் செஞ்சு, பெட்டியில வச்சு, உங்க ஆபீசுக்கே அனுப்பறேன். ஆபீசு, நீங்க, உங்க முதலாளி எல்லாரும் ஒண்ணா மேல போயிடலாம். வண்டிச் செலவும் என்னுது. உங்க பேரு என்னம்மா?"

"ஓபுளம்மா."

"நல்ல பேருங்க. பெட்டி மேல எழுதிடறேன்."

போனை வைத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது அவள் கை ரிசீவர் மேலேயே இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, பெத்தலங்கா ஜோகிராஜு எப்படிப்பட்ட ஆளு?"

"அவரா? தங்கமான மனுசன். சொன்னா சொன்னதுதான். ஒரு வார்த்தை விட்டாருன்னா செஞ்சு முடிக்காம தூங்க மாட்டாரு" என்று நான் பாட்டுக்குப் புகழ்ந்து தள்ளினேன்.

அவள் நேரே பின்பக்கம் போய் டெலிவரி ஏசுபாபுவைப் பிடித்தாள். எப்படியாவது பெத்தலங்காவுக்கு ஒரு சிலிண்டர் போயாக வேண்டும் என்று அவள் கெஞ்சியதை நான் பார்த்தேன். "படகுக்காரன் ஒத்துக்கணுமேம்மா, பாக்கறேன்" என்று சொல்லி அவன் ஒரு சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் அவன் திரும்பவில்லை. ராத்திரி லங்காப் பக்கம் போன் எல்லாம் செத்துப்போயிற்று. மறுநாள் காலையிலும் ஏசுபாபு வரவில்லை. சிலிண்டர் போய்ச் சேரவில்லை என்று ஓபுளம்மா முடிவு கட்டிவிட்டாள். புருஷனோ சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தப் போய் இரண்டு நாளாக வீட்டுக்கே வரவில்லை. யாரிடம் சொல்வாள்?

அன்று மத்தியானம் ஏஜென்சியில் நல்ல கூட்டம். வாசலோரம் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் கொட்டகையில் காலையில்தான் வந்திறங்கிய சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அப்போது ஒரு ஆட்டோக்காரன், சணல் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"இங்க ஓபுளம்மா யாருங்க? ஜோகிராஜு ஐயா குடுத்தனுப்பினாரு. உங்க கையில மட்டும்தான் குடுக்கணுமாம். ஆட்டக்கூடாதாம், குலுக்கக்கூடாதாம். படகுத்துறையிலேருந்து ரோடெல்லாம் குழி. மடியில வச்சு ஓட்டிக்கிட்டு வந்தேங்க. கீழ விழுந்தா அவ்ளோதான்னு சொல்லி விட்டாரு."

மேசை மேல் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அவள் பேர்.

"எல்லாரும் வெளிய ஓடுங்க! பாம்!"

அந்தக் குரலை அவளிடம் நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு செருப்பும் பையும் கிடக்க, கூட்டம் வாசலில் முட்டி மோதியது. ஆட்டோக்காரன்தான் முதலில் ஓடினான். என் கால் எப்படித் தெருவுக்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கர்ப்பிணி மட்டும் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஓபுளம்மா அவளைப் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. எதிரே வாய்க்கால். தெருவைக் கடந்து, படித்துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பெட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் நரசிம்மா, நரசிம்மா என்று அசைந்தது.

ஒன்றும் வெடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அட்டை ஊறிப் பிரிந்தது. அவளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. தண்ணீர் மேல் நெய் படர்ந்தது. ஏலக்காய் வாசனை கரை வரை அடித்தது. குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன.

அந்த நேரம் பார்த்து ஏசுபாபு சைக்கிளில் வந்து இறங்கினான். "பெட்டி வந்துச்சாங்க? எனக்கு ஒண்ணு எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வாய்க்காலைப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப்பாவமே, பூதரேகு! ஆத்ரேயபுரத்துலேருந்து ஆள் விட்டு வரவழைச்சதுங்க. மீனுக்கா விருந்து வச்சீங்க?"

காகிதம் மாதிரி அரிசித் தாளில் நெய்யும் சர்க்கரையும் வைத்துச் சுற்றும் பலகாரம் அது. விரல் பட்டாலே நொறுங்கும். குலுக்கக் கூடாதுதான்.

நேற்று சாயங்காலமே படகில் சிலிண்டரைக் கொண்டு சேர்த்துவிட்டானாம் ஏசுபாபு. திரும்பிவரப் படகு கிடைக்காமல், ராத்திரி அங்கேயே படுத்து, காலையில் பந்தியும் பரிமாறிவிட்டு வருகிறானாம். அந்த வெள்ளத்தில் சிலிண்டர் அனுப்பி வைத்த பெண்ணுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றுதான் ஜோகிராஜு தன் கையாலேயே பெட்டியைக் கட்டியிருக்கிறார்.

நான் இறங்கிப் போய் ஓபுளம்மாவைக் கைப்பிடித்துக் கரையேற்றினேன். படியில் உட்கார்ந்தாள். "பலகாரமாக்கா? நெஜமாவே பலகாரமா?" என்று நாலைந்து தரம் கேட்டாள். அப்புறம்தான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் யாரோ யாருக்கோ வைத்த பை வெடித்திருக்கிறது. எந்தக் கட்சியிலும் இல்லாத மனுசன், அதன் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தாராம்.

"எங்க ஊர்ல யாரும் அந்த வார்த்தைய விளையாட்டுக்குச் சொல்ல மாட்டாங்கக்கா."

"அவ்வளவு பயம் இருக்கறவ ஏன்டி அதைத் தூக்கினே?"

"அந்த அம்மாவால எந்திரிக்க முடியலையே" என்றாள்.

கர்ப்பிணி அதற்குள் யார் தோளையோ பிடித்துத் தெருவைக் கடந்து வந்திருந்தாள். தன் முந்தானையால் ஓபுளம்மாவின் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் ஜோகிராஜுவே வந்தார். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. ஏசுபாபு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நேரே ஓபுளம்மாவின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, எழுபது வருசமா இந்த வாய்க்கு யாரும் பூட்டுப் போடலைங்க. நானும் தமாஷுன்னே நினைச்சுட்டேன்." கையைக் கூப்பினார்.

ஓபுளம்மா பதறி எழுந்தாள். "பெரியவங்க கும்பிடாதீங்க சார். நான்தான் திறந்து பாத்திருக்கணும்."

"வேணாம்மா. நீங்க செஞ்சதுதான் சரி" என்றவர் தொண்டையைச் செருமினார். "ஆனா வாய்க்கால்ல கரைச்சது முப்பது ரூபா எண்ணெய்ப் பலகாரம் இல்லைங்க, சுத்தமான நெய்யி. அதை மட்டும் என்னால தாங்க முடியல."

அவள் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, மேசை மேல் கவிழ்ந்து சிரித்தாள். பெரியவரும் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஏஜென்சி போனிலிருந்து ஊருக்கு, அம்மாவிடம் பேசினாள். நான் பில் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"இல்லம்மா, பெட்டிதான்... ஆமா, தண்ணியில முக்கினேன்... உள்ள பலகாரம்மா... பலகாரம்னா பலகாரம்தான்!" அந்தப் பக்கத்தில் அம்மா அழுதிருக்க வேண்டும். ஓபுளம்மா குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அழாதம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."