நாலு பிள்ளை பெற்றவள்

நபீலாவின் மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது வெள்ளிக்கிழமை. திங்களன்றே தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன். துணிக்கடைக்குச் சரக்கெடுக்கக் கணவர் கொழும்புக்குப் போயிருந்ததால், பண்டாரவளை வீட்டில் வேலை செய்யும் சிவசக்தியைத் துணைக்குக் கூட்டிப் போனாள்.

நர்ஸ் கேட்டு எழுதினாள். முதல் பிள்ளை எந்த வயதில்? முப்பத்தாறு. எத்தனை பிள்ளைகள்? ஒன்று. பால் கொடுத்தது? இரண்டு மாதம்.

பக்கத்தில் இருந்த சிவசக்தி தன் பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பத்தொன்பது. நாலு. நாலுக்கும் இரண்டிரண்டு வருஷம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், தாய்மாருக்குக் கூட்டம் வைத்த பிரசவம் பார்க்கும் மருத்துவமாது சொன்னது ஞாபகம் இருந்தது: சீக்கிரம் பெற்று நிறையப் பாலூட்டியவர்களுக்கு இந்த நோய் வருவது குறைவு. குறைவு என்றதை அவள் இல்லை என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நபீலாவுக்கு வெறும் நீர்க்கட்டி. திரும்பும்போது ஆட்டோவில் சிவசக்தி கேட்டாள்:

"அக்கா, அது தொட்டா வலிச்சுதுங்களா?"

"கொஞ்சம். ஏன் கேக்குற?"

"எனக்கும் ஒன்னு இருக்குங்க. வலியே இல்ல."

"எத்தன மாசமா?"

"எட்டு மாசம் இருக்கும். எனக்கு அதெல்லாம் வராதுங்க, நாலு பெத்தவ."

நபீலா ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கே திருப்பச் சொன்னாள்.

சிவசக்தியுடையது புற்றுநோய்தான், அக்குள் வரை போயிருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, "உங்கள மாதிரி நெறையப் பெத்துப் பால் குடுத்தவங்களுக்கு வர்றது குறைவுதாம்மா. வந்தா காட்டுறதுக்குத்தான் நீங்க யாரும் வர்றதில்ல" என்றார். ஒரு நாள் லீவு கேட்க எட்டு மாதம் யோசித்ததை அவள் சொல்லவில்லை.

நபீலா இரண்டு முறை பார்க்க வந்தாள். இரண்டாவது முறை, வேலைக்கு வேறொருத்தியை வைத்துவிட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வீடு அப்பிடியே கெடக்க முடியாது தானே."

"ஆமாங்க" என்றாள் சிவசக்தி. கோபம் வரவில்லை. அன்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னதும் இவள்தானே என்று நினைத்தாள்.

மருந்தேற்ற மூன்று வாரத்துக்கொரு முறை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய்வந்தாள். தலைமயிர் கொட்டியது, சோறு கசந்தது. ஆறாவது முறையோடு, இனி மூன்று மாதத்துக்கொரு தரம் வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

அன்று தோட்டத்து லயத்தில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, மூத்த மகளை எதிரில் உட்காரவைத்து, எங்கே எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று காட்டினாள். மகள் கூச்சத்தில் சிரித்தாள்.

"சிரி. ஆனா மாசாமாசம் பாரு."