எங்கள் இருவர் பெயரையும் எடுத்துவிடவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதிய ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது.

"ஹார்லனுக்கு முழங்கால் வலி. ஸ்காக்வே வேனிலிருந்து எங்கள் இருவர் பெயரையும் எடுத்துவிடவும். வருந்துகிறேன். ஆர்லீன்."

இதில் கடைசிச் சொல் மட்டும்தான் உண்மை. என் பெயர் ஆர்லீன். ஹார்லன் என் கணவர். அவருடைய முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன. நான் வருந்தவும் இல்லை, அப்போது.

அந்தச் சீட்டைக் கப்பலின் ஏழாவது தளத்தில் லவோன் ஹாக்ஸ்ட்ரா என்பவளின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பியதும் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். அவர் மன்னித்திருப்பார், அது அவர் வழக்கம். ஆனால் அவரிடம் சொல்வது எளிது. அந்த வேனில் அவர் இடம் பதிவு செய்திருக்கவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் முயன்றேன்.

முதல் தொடக்கம்: "அலாஸ்காவின் பனிமலைகளுக்கு நடுவே வெண்ணிறக் கப்பல் ஒன்று அன்னம்போல —"

வேண்டாம். மலையைப் பற்றி எழுதிக்கொண்டே போனால் என்னைப் பற்றி எழுதாமல் தப்பித்துவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "மில்ட்ரெட் என்று ஒரு பெண்மணி இருந்தாள். பிறர் புகழைக் கேட்டால் அவளுக்கு வயிறு —"

யார் இந்த மில்ட்ரெட்? என் பாவத்தைச் சுமக்க ஓர் அப்பாவியைக் கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "லவோனின் மூக்கில் பட்டாணி அளவுக்கு ஒரு மரு இருந்தது."

இல்லவே இல்லை. அவள் முகத்தில் மருவும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதுகிறவளுக்கு இந்த ஒரு வசதி உண்டு: பிடிக்காதவள் மூக்கில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அடித்துவிட்டேன். [அடிப்பதற்கு முன் இரண்டு நாள் அந்த மருவை வைத்திருந்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.]

3

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்ற, கப்பல்காரர்களே பஸ் வைத்திருக்கிறார்கள். ஐம்பது பேரை அடைப்பார்கள், காசும் அதிகம். அதனால் ஒரே பயணத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் ஒரு பக்கத்தில் கூடிக்கொள்வோம். ஒருவர் பொறுப்பேற்று உள்ளூர் வேன் ஒன்றை அமர்த்துவார், முழுத் தொகையையும் தன் கார்டில் கட்டுவார். மற்றவர்கள் பட்டியலில் பெயர் போடுவார்கள். வேனில் ஏறும் காலை அவரவர் பங்கைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வேனுக்கு ஒரே விலை. ஆள் குறைந்தால் மிச்சமுள்ளவர்களின் பங்கு ஏறும்.

ஒன்பது பயணங்களில் அந்தப் பொறுப்பு என்னுடையது. எனக்கு ஒரு விதி இருந்தது: கடைசி வாரத்தில் விலகினாலும் பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும். காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவரிடம்கூட வாங்கியிருக்கிறேன்.

பத்தாவது பயணத்துக்கு, ஈஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன். பிப்ரவரியிலேயே லவோன் பட்டியலைத் தொடங்கிவிட்டாள். அயோவாக்காரி, எங்கள் பக்கத்துக்குப் புதியவள். இரண்டே நாளில் பன்னிரண்டு பெயர். ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து மலைக்கு அப்பால் ஒரு பச்சை ஏரிவரை போய்வர அமர்த்தியது டெக்ஸ்டரின் வேன். டெக்ஸ்டரைக் கண்டுபிடித்தது நான்.* அதோடு எனக்கு ஒரு கடிதம் வேறு: "ஆர்லீன், இத்தனை வருஷமா எல்லாருக்கும் ஓடியாடி செஞ்சீங்களாம். இந்தத் தடவை சும்மா உக்காந்து வாங்க. முன் வரிசையில ரெண்டு இடம் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

அன்புக் கடிதம்தான். ஒன்பது முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் "சும்மா உக்காந்து வாங்க" என்ற இடத்தில் குத்தியது. இரண்டு பெயரையும் கொடுத்தேன். பதினான்கு நிறைந்தது.

விலகுகிறவர்களுக்கு என்ன விதி என்று அவளைக் கேட்டேன். "விதியா? எல்லாரும் பெரியவங்க. நம்ப வேண்டியதுதானே" என்று எழுதினாள். கத்துக்குட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

* "கண்டுபிடித்தது" என்பது பெரிய வார்த்தை. அவர் வேனின் பக்கவாட்டில் தொலைபேசி எண் எழுதியிருந்தது.

4

வான்கூவரிலிருந்து கிளம்பிய மறுநாள் முழுவதும் கடல். காலையில் எங்கள் கூட்டம் மேல்தளத்தில் காபிக்குக் கூடியது. லவோனுக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்தது. யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு வேனின் பின்பக்கம் உட்கார்ந்தால் குமட்டும் என்பதுகூட.

என் பழைய பயணத் தோழி நோர்மா என் விலாவில் இடித்தாள். "என்ன ஆர்லீன், உன் வேலை போச்சு போலிருக்கே! ரிட்டயர்மென்ட் கேக் சொல்லட்டுமா?"

"சொல்லேன். சாக்லேட் கேக்கா சொல்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

என் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். யூனிஸ், நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஜன்னல் இல்லாத அறைக்கு இரண்டு வருஷம் சேர்த்து வைத்துத் தனியாக வந்திருந்தாள்.

"எனக்கு அந்த ஏரியெல்லாம் ஒண்ணும் வேணாங்க" என்றாள். "போற வழியில கார்க்ராஸ்னு ஊரு இருக்குல்ல, என் தம்பி கிளிஃபர்ட் அங்கதான் இருக்கான். பாத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. கண்ணு மங்கிப் போச்சாம், வண்டி ஓட்டறதில்ல. கப்பல்காரங்க பஸ் அங்க பத்து நிமிஷம்தான் நிக்குமாம். லவோன்கிட்ட சும்மாதான் சொன்னேன். ஒரு மணி நேரம் நிறுத்திடலாம்னுட்டாங்க, எல்லாரையும் கேட்டுட்டு!"

அவள் கண் நிறைந்தது. நல்ல பெண்ணாக இருந்தால் நான் அவள் கையைப் பிடித்திருப்பேன். எனக்குத் தோன்றியது வேறு: ஒன்பது பயணத்தில் என்னிடம் யாரும் இப்படி எதையும் கேட்டதில்லையே. ஏன் கேட்கவில்லை?

அன்று மாலைதான் அந்தச் சீட்டு.

"என் முழங்காலுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார் ஹார்லன்.

"வலிக்குது."

"எந்தக் காலு?"

"இடது."

"சரி. நொண்டறதுக்குத் தெரிஞ்சுக்கணும்ல" என்றார். அந்தப் பச்சை ஏரியைப் பார்க்கத்தான் அவர் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

5

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். முடியாது.]

மறுநாள் ஜூனோ துறைமுகம். நான் வரவில்லை என்று தெரிந்ததும் நோர்மாவும் அவள் கணவர் டுவேனும் விலகிக்கொண்டார்கள். "நீ இல்லாம எங்களுக்கு என்ன வேனு? ஸ்காக்வேயில எறங்கி நாலு கடை பாப்போம், வா" என்றாள். அந்த விசுவாசம் எனக்கு இனித்தது. பதினான்கு பத்தானது. நூற்றிருபது டாலர் பங்கு நூற்று அறுபத்தெட்டாக வேண்டும்.

மதியம் சாப்பிடும்போது யூனிஸ் என் மேஜைக்கு வந்தாள். கையில் கவர்.

"நாலு பேரு வரலையாமே. எவ்வளவு ஏறும்னு உங்களுக்குத் தெரியும், இல்லைங்களா? இதுல நூத்தி இருபது இருக்கு. மிச்சம் இருக்கறது வீட்டுக்குப் போற பஸ்ஸுக்கு." கொஞ்சம் தயங்கினாள். "டெக்ஸ்டர் உங்களுக்குப் பழக்கமாமே. கேட்டா குறைப்பாரா?"

"குறைக்க மாட்டாரு" என்றேன். "பதினாலு பேரு ஏறினாலும் ஒரே ஆளு ஏறினாலும் அவருக்கு ஒரே வெலதான். எழுதியே கொடுத்திருக்காரு."

"அப்படியா. சரிங்க. கிளிஃபர்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். எனக்காக ரொட்டி சுட்டு வெக்கிறேன்னான்."

அவள் போய்விட்டாள். அப்போது என் கைப்பையில் முந்நூறு டாலர் இருந்தது. பையைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் சூப்பைக் குடித்து முடித்தேன். லவோனின் வேன் உடைகிறது என்று உள்ளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சங்கீதம் பாடும் அதே குரல்.

6

அன்று இரவுச் சாப்பாட்டில் லவோன் மேஜை மேஜையாக வந்தாள்.

"நல்ல சேதி! டெக்ஸ்டர் மனசு வெச்சுட்டாரு. ஆளு கொறைஞ்சாலும் அதே நூத்தி இருபதுதான். யூனிஸ், உங்க தம்பியை ரொட்டி சுடச் சொல்லுங்க. எனக்கும் ஒரு துண்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கூடத்தில் கைதட்டாதவள் நான் ஒருத்திதான். டெக்ஸ்டர் மனசு வைக்கமாட்டார் என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான். நான்கு பேருடைய பங்கு, நானூற்று எண்பது டாலர், லவோன் கையிலிருந்து போகிறது. கணவரை இழந்து, நூலகத்தில் பாதி நேர வேலை பார்ப்பவள்.

யோசித்துப் பாருங்கள். அவள் செய்த நல்ல காரியத்தை உலகத்திலேயே பார்க்க முடிந்தது, வேன் பிடித்துப் பழகிய என் கண்ணுக்கு மட்டும். அந்தக் கண்ணும் எரிந்தது. அவள் புகழைக் கண்டு வந்த பொறாமை சின்னது, அது தணிந்தும் விடும். அவளுடைய நல்ல குணத்தைப் பார்த்து அன்று வந்தது தணியவே இல்லை. அந்தப் பொய்யை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "லவோன் இதைப் பேருக்காகத்தான் செய்தாள்." பிறகு யோசித்தேன். யாரிடமும் சொல்லாமல் எப்படிப் பேர் வாங்குவது? அடித்தேன். "அவள் பணக்காரி" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இவ்வளவு நல்லவள் கதையில் நிற்கமாட்டாள், யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளையே எடுத்துவிடப் பார்த்தேன். பட்டியலிலிருந்து பெயர் எடுப்பது எனக்கு நன்றாக வருகிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஸ்காக்வேயில் காலை ஏழரை மணிக்கு ஆர்லீன் துறைமேடையில் ஓடுகிறாள், பின்னால் ஹார்லன். "நில்லுங்க! முழங்கால் சரியாப் போச்சு!" வேன் நிற்கிறது. முன்வரிசை காலியாக —

நான் ஓடவில்லை. மேல்தளத்தில் நின்றேன். நான்கு காலி இருக்கைகளோடு வேன் போனதைப் பார்த்தேன். யூனிஸ் தலைவாரி, நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

இரண்டாம் முடிவு: மாலையில் ஆர்லீன் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். லவோன் அவளைக் கட்டிக்கொண்டு —

இதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது. ஆறு மணிக்கு எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது. முதலில் யூனிஸ். மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள்.

"கிளிஃபர்ட் என் மூஞ்சியைத் தடவித் தடவிப் பாத்தான், 'நீ இன்னும் குண்டாகலையா'ன்னு கேட்டான். கழுதை! நீங்க வராமப் போயிட்டீங்களே, ஆர்லீன்."

அவளுக்குப் பின்னால் லவோன், ஒரு மருந்துக்கடைப் பையோடு. "ஹார்லன், இந்தக் களிம்பு நல்லாக் கேக்கும்னு கடைக்காரப் பையன் சத்தியம் பண்ணான். எந்தக் காலு?"

ஹார்லன் எழுந்து நின்று வலது காலை நீட்டினார்.

லவோன் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "நேத்து இடது கால்ல நொண்டினீங்களே" என்றாள். பையை அவர் கையில் கொடுத்தாள். "இதெல்லாம் எடம் மாறும். ரெண்டுலயும் தடவிக்கோங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கப்படுகிறவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு தானம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ரொட்டியை ஹார்லன் சாப்பிட்டார். என்னால் முடியவில்லை.

8

இப்போது வீட்டில், மிச்சிகனில், என் முன்னால் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. இரண்டுமே லவோனுக்கு.

ஒன்றில் நானூற்று எண்பது டாலருக்குக் காசோலை இருக்கிறது, என் பெயர் தெரியாதபடி வங்கியில் எடுத்தது. எங்கள் பங்கு இருநூற்று நாற்பதுதான். நோர்மா வீட்டுப் பங்கையும் ஏன் சேர்த்தேன்? முதலில் நியாயம் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, அவளைவிடப் பெரிய மனசு எனக்கு என்று காட்டிக்கொள்ளத்தான். மனம் திரும்புவதில்கூட அவளை முந்தப் பார்க்கிறேன்.

இன்னொன்றில் ஒரே வரி: "லவோன், ஹார்லனுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பொறாமை." அதோடு இருநூற்று நாற்பது டாலர்.

முதல் கடிதத்தை அனுப்பினால் அவளுடைய ரகசியம் யாருக்கோ தெரியும் என்று அவளுக்குத் தெரியும், என்னுடையது மூடியே இருக்கும். இரண்டாவதை அனுப்பினால், அவள் அன்று பார்க்காமல் விட்ட முகத்தை நானே கொண்டுபோய் அவள் முன் வைக்க வேண்டும். அக்டோபரில் ஹாலிஃபாக்ஸுக்குக் கப்பல் பயணம். பட்டியலை இந்த முறையும் அவள்தான் தொடங்கியிருக்கிறாள். என் பெயர் அதில் இல்லை.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். எதை அனுப்புவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் செய்தால் முதலாவதைத்தான் எடுப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் லவோன் பதில் எழுதுவாள். அந்தப் பதிலையும் நீங்களே எழுதிவிடுங்கள். என்னிடம் விடவேண்டாம். எவ்வளவு ஜெபித்துவிட்டு உட்கார்ந்தாலும், ஏதாவது ஒரு வரியில் அவளைக் கொஞ்சம் மட்டமாக்கிவிடுவேன்.