பல்லுவலி என்று சொன்னாள்

மணிமொழி டீச்சரின் பாட்டுக்குழுவில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் பாட்டு கிடையாது. எப்படி இருமுவது என்றுதான் சொல்லித் தருவார். கைக்குட்டையால் வாயை மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அவரவர் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவர வேண்டும். ஒருவர் வாய் வைத்த பாட்டிலை இன்னொருவர் தொடக்கூடாது. காய்ச்சலோ வீக்கமோ கண்டால் பயிற்சிப் பக்கமே வரக்கூடாது.

முந்தின வருஷம் ஒரு பிள்ளைக்கு வந்த சளி குழு முழுக்கத் தொற்றி, எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டு, மேடையில் பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதிலிருந்துதான் இந்தக் கண்டிப்பு. செங்கம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் பயிற்சி நடக்கும். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கை நீட்டும் தூரம் விட்டு நிற்கச் சொல்வார்.

"உடம்பு சரியில்லாதவங்க வீட்ல இருங்க. பாட்டு எங்கியும் ஓடிடாது. உங்க எடம் உங்களுக்குத்தான்" என்பார்.

பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஜோயா அதை அப்படியே நம்பினாள். அவளுடைய அப்பா சாந்த் பாஷா சின்னக்கடைத் தெருவில் பூட்டுக்கடை வைத்திருந்தார். 2003 பொங்கல் விழாவில் அவள் தனியாகப் பாட வேண்டிய நாலு வரி இருந்தது. விழாவுக்கு முதல் நாள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அம்மா ரஹமத்துன்னிசா, "இஞ்சிக் கஷாயம் குடிச்சா சரியாயிடும், போ" என்றாள். ஜோயா போகவில்லை. "சின்னப் பசங்கல்லாம் இருக்காங்க அம்மி, ஒட்டிக்கும்" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அந்த நாலு வரியை அவளுடைய தோழி சினேகா பாடினாள். ஜோயாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் டீச்சர் எல்லார் முன்னாலும், "ஜோயா மாதிரி இருக்கணும்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோது அந்த வருத்தம் போய்விட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் வேங்கிக்காலில் மாவட்ட அளவிலான போட்டி வந்தது. ஜெயித்தால் சென்னைக்குப் போகலாம். சினேகாவும் ஜோயாவும் ஒரே மைக்கில் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. போட்டியன்று சினேகா கழுத்தையும் தாடையையும் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு வந்தாள். துப்பட்டாவுக்குள் அவளுடைய அம்மாவின் கனத்த சங்கிலி மின்னியது.

"என்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி?" என்று ஜோயா சிரித்தாள்.

"பல்லுவலி. காத்து பட்டா ஜாஸ்தியாவுது" என்றாள் சினேகா. சங்கிலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர் அவளைத் தனியே அழைத்து ஒரு மாத்திரை கொடுத்ததை ஜோயா பார்த்தாள். பல்லுவலிக்கு என்று நினைத்துக்கொண்டாள். மேடையில் இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்ட நின்று பாடினார்கள். முதல் பரிசு கிடைத்தது. கீழே இறங்கியதும் ஜோயா சினேகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மாசக் கடைசி வாக்கில் ஜோயாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாளே இரண்டு தாடையும் வீங்கி, சோறு மெல்ல முடியவில்லை. பொன்னுக்கு வீங்கி. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போகிற நோய்தானே என்று வீட்டில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. வீக்கம் வடிந்தது. ஆனால் இடது காதில் வண்டு குடைவது போல ஓர் இரைச்சல் கிளம்பியது. தலை சுற்றியது. ஒரு காலையில் இரைச்சல் நின்றபோது நிம்மதியாக இருந்தது. இடது காதில் ரேடியோவை வைத்துப் பார்த்த பிறகுதான் என்ன ஆயிற்று என்று புரிந்தது.

வேலூரில் காது டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "அபூர்வமா இப்படி ஆகும். நரம்பு போயிடுச்சுங்க. அந்தக் காது திரும்பாது." பஸ்ஸில் திரும்பி வரும்போது சாந்த் பாஷா மகளின் வலது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

சினேகாவின் அம்மா ஆதிலட்சுமி இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். ரஹமத்துன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். ஆறுதல் சொல்லப் போய், தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள்.

"எங்க சினேகாவுக்கும் போட்டிக்கு முன்னாடி இப்படித்தான்க்கா வீங்கிச்சு. பொன்னுக்கு வீங்கி, தங்கம் போட்டா வடியும்னு என் சங்கிலிய எடுத்துப் போட்டு வுட்டேன். அனுப்ப மாட்டேன்னுதான் டீச்சருக்குப் போன் பண்ணேன். அவங்கதான் இவ இல்லாம முடியாது, துப்பட்டா சுத்தி அனுப்புங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கனு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்த ஜோயா எழுந்து உட்கார்ந்தாள்.

"சினேகாவுக்குத் தெரியுமா அத்தை?"

ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜோயாவுக்கு அழுகை வரவில்லை. பொங்கலன்று கம்பளிக்குள் சுருண்டு படுத்து, தன்னால் யாருக்கும் நோய் வரக்கூடாதென்று தும்மலை அடக்கியதுதான் நினைவுக்கு வந்தது. நான் மட்டும் முட்டாளா என்று நினைத்தாள்.

மறுநாள் பயிற்சி தொடங்கும் முன்பே மண்டபத்துக்குப் போனாள். டீச்சர் தனியாக ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.

"சினேகாவுக்கு என்னானு உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா டீச்சர்?"

டீச்சர் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒருநாள் தானேனு நெனச்சேன் ஜோயா. சின்னப் பசங்க கிட்ட அவ போகாம பாத்துக்கிட்டேன். சென்னை வரைக்கும் போற வாய்ப்பு... உனக்கு இப்படி ஆகும்னு சத்தியமா நெனக்கலம்மா." அழுதார்.

"என்னைய அவ பக்கத்துலயே நிக்க வெச்சீங்க."

"ஆமா."

"எனக்கு வந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் சொல்லியிருப்பேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்தார். குழுவில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் வீங்கியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்திருந்தார். அங்கே எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். ஜோயா அதையும் நம்பினாள். வீட்டில் கொதித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "அவங்களே சொல்றேன்னாங்கப்பா. நீங்க சண்டைக்குப் போவாதீங்க" என்று கெஞ்சினாள்.

ஞாயிறன்று மாடி நிறைந்திருந்தது. டீச்சர் பேசினார். பொன்னுக்கு வீங்கி ஊர் முழுக்கப் பரவுகிறது, பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். தடுப்பூசியைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். ஜோயாவின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கூட்டம் முடியும் தறுவாயில் ஜோயா எழுந்தாள். "போட்டிக்கு வரும்போதே சினேகாவுக்கு வீங்கியிருந்துச்சு. டீச்சருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பாட வெச்சாங்க."

மாடியில் சலசலப்பு எழுந்தது. மகன் இன்னும் காய்ச்சலில் கிடக்கிற சுப்பிரமணி எழுந்து நின்று, "ஏம்மா சினேகா, நெசமா?" என்று கேட்டார்.

சினேகா டீச்சரைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க. எனக்குப் பல்லுவலிதான்" என்றாள் சினேகா.

பின்வரிசையிலிருந்து யாரோ, "பாவம், காது போன துக்கத்துல பேசுது" என்றார்கள். இன்னொரு அம்மாள், "பரிசு வாங்கிக் குடுத்தவங்கள இப்படியா சொல்றது?" என்றாள். டீச்சர் திரும்பி ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். அழுத டீச்சரா இவர் என்று ஜோயா பார்த்துக்கொண்டே நின்றாள். சாந்த் பாஷா எழுந்து வந்து மகளின் தோளில் கை வைத்தார். "வாம்மா, போலாம்."

சுப்பிரமணியும் வேறு சிலரும் தங்கள் பிள்ளைகளைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் சென்னைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜூனில் டீச்சருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ஜோயா பாடுவதை நிறுத்தவில்லை. ஆரம்பத்தில் சுருதி எங்கே இருக்கிறதென்று பிடிபடாமல் தடுமாறினாள். பிறகு வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, தலைக்குள் கேட்கும் தன் குரலைப் பிடித்துக்கொண்டு பாடப் பழகினாள். யாரோடும் சேர்ந்து பாடவில்லை. யாராவது அழைத்தால், "முடியாதுங்க" என்று மட்டும் சொல்வாள்.

அந்த ஆடிப் பௌர்ணமிக்கு, அடி அண்ணாமலையில் இருந்த சித்தப்பாவின் தண்ணீர் பாட்டில் கடையில் உதவிவிட்டுக் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். இடது தோளில் ஒரு கை பட்டது. திரும்பினால் சினேகா. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் நிறைந்திருந்தன. எவ்வளவு நேரமாகக் கூடவே பேசிக்கொண்டு வந்தாளோ தெரியாது.

"அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது" என்றாள் ஜோயா. "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

சினேகா வலது பக்கம் வந்தாள். வாயைத் திறந்தாள். சுற்றிலும் ஜனங்கள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். அவளால் இன்னொரு முறை சொல்ல முடியவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஜோயா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "எங்கம்மி தேடும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.